தொப்பி கேட்கிறதா?

மிருதங்கத்தின் இடது பக்கத்துக்குத் தொப்பி என்று பெயர். கச்சேரிக்கு முன் ரவையைக் குழைத்து அப்புவார்களே, அந்தப் பக்கம். அதிலிருந்து எழும் கும்காரம் காதுக்கு வரவில்லை, வலந்தலையின் டங்காரம் மட்டும் வருகிறது என்றால் இயர்போனைக் குறை சொல்ல வேண்டாம். அது காதுக்குள் சரியாக உட்காரவில்லை. கடந்த சில வாரங்களாகக் குமரி மாவட்டத் தேங்காய்ப்பட்டணத்தில் மூன்டிராப் சூ 2 என்ற ஒயர் இயர்போனைப் போட்டுக்கொண்டு நடந்தும், பஸ்ஸில் போயும், கடலோரத்தில் உட்கார்ந்தும் கேட்டதில் எனக்கு உறுதியான விஷயம் இதுதான். காதுக்குள் வைக்கும் இயர்போனில் ஒலி வேறு, சௌகரியம் வேறு என்று இரண்டு கேள்விகள் இல்லை. முனையிலிருக்கும் அந்தச் சின்ன ரப்பர் காதை எப்படி அடைக்கிறது என்பது ஒன்றே கேள்வி.

சூ 2 பற்றிய அடிப்படைத் தகவல்கள் பலருக்கும் தெரிந்திருக்கும். சீனாவின் செங்டு நகர நிறுவனம் 2023-இல் வெளியிட்டது. 10 மில்லிமீட்டர் டைனமிக் டிரைவர், உலோக உடல், கழற்றி மாட்டக்கூடிய ஒயர், விலை ஏறத்தாழ 2,000 ரூபாய். அதற்கு முந்தைய சூவில் ஒயர் உடலோடு ஒட்டியே இருந்தது. ஒயர் அறுந்தால் இயர்போனே போயிற்று. இப்போது ஒயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பழுது பார்க்கவே முடியாத பொருள்களைக் கூசாமல் விற்கிற காலத்தில், இந்த விலையில் இதைச் செய்ததற்காகவே அந்த நிறுவனத்தின் மேல் எனக்கு மதிப்பு கூடியிருக்கிறது.

ரப்பருக்கு வருகிறேன். மனிதக் காதின் குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். நேராகவும் இருக்காது, லேசாக நெளிந்து போகும். ஒருவருடைய வலது காதும் இடது காதும்கூட ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை. தாழ்ந்த ஸ்வரங்கள் செவிப்பறையை எட்ட வேண்டுமானால் டிரைவருக்கும் செவிப்பறைக்கும் நடுவிலிருக்கும் காற்று வெளியேறாமல் அடைபட்டிருக்க வேண்டும். மயிரிழை இடைவெளி போதும், தாழ்ஒலி அதன் வழியே கசிந்துவிடும். நடு ஒலியும் உச்ச ஒலியும் அப்படியே நிற்கும். கேட்பவருக்குப் பாட்டு கிறீச்சென்று மெலிந்து கேட்கும். உடனே ‘பேஸ் இல்லை’ என்று ஈக்குவலைசரைத் தூக்குவார், சத்தத்தைக் கூட்டுவார், கடைசியில் இன்னும் விலை கூடிய ஒன்றைத் தேடிப் போவார். தேவைப்பட்டதோ ஒரு சுற்றுப் பெரிய ரப்பர்.

இந்த அடைப்பின் அருமையைச் செவிப்புலன் ஆய்வாளர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். அமெரிக்காவில் மீட் கில்லியன் நிறுவிய எட்டிமோட்டிக் நிறுவனம் 1991-இல் இஆர்-4 என்ற இயர்போனைக் கொண்டுவந்தது. கில்லியன் காது கேட்கும் கருவிகளிலும் ஒலியளவீட்டிலும் உழைத்தவர். அந்த இயர்போனுக்கு மூன்று அடுக்கு ரப்பர். காதுக்குள் ஆழமாகப் போய் உட்காரும். இன்று பெட்டியின் மேல் டிரைவரின் அளவைக் கொட்டை எழுத்தில் போடுகிற பல நிறுவனங்கள், உள்ளே சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜோடி ரப்பரைப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகின்றன. ஊரில் இருக்கிற அத்தனை காதும் மூன்று அளவுக்குள் அடங்கிவிடுமா? செருப்புக்கு எத்தனை அளவு வைத்திருக்கிறோம்! இதில் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு.

மார்த்தாண்டத்தில் ரப்பர் மட்டும் தேடிப் போனேன். ஒரு மொபைல் கடைத் தம்பி ஒரே அளவுள்ள பாக்கெட்டை நீட்டினான். “எல்லாக் காதுலயும் இது கேறும் அண்ணே” என்றான். அது கேறவில்லை. பிறகு இணையத்தில் பல அளவுகளில் சிலிக்கான் ரப்பரும் நுரை ரப்பரும் வரவழைத்தேன். வலது காதுக்கு நடுத்தரமும் இடது காதுக்கு அதைவிடப் பெரியதும் பொருந்தின. அன்றைக்குத்தான் சூ 2-வின் உண்மையான ஒலி எனக்குக் கேட்டது.

நாகர்கோவில் வட்டாரத்துக் கோயில் கொடைகளில் பதிவு செய்த வில்லுப்பாட்டு என்னிடம் நிறைய இருக்கிறது. இயர்போனைச் சோதிக்க இதைவிட நல்ல இசை இல்லை என்பேன். குடத்தின் வாயில் அடிக்கும்போது அடிவயிற்றில் இறங்குகிற தாழ்ஒலி, வீசுகோல் நாணில் விழும்போது சிதறுகிற மணிகளின் உச்ச ஒலி, நடுவே புலவரின் குரல், பக்கத்தில் உடுக்கு. நான்கும் ஒரே நொடியில் வரும். மட்டமான இயர்போனில் மணியோசை குரலின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். சூ 2-வில் குடம் தன் இடத்தில் நின்றது, மணிகள் தனித்தனியாகக் கேட்டன, பின்பாட்டுக்காரர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்பதுகூடத் தெரிந்தது. இளையராஜா 1986-இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பில் வி.எஸ். நரசிம்மனின் வயலின் வில் தந்தியில் உராய்ந்து தொடங்கும் இடம் மிகத் துல்லியம்.

பெண் குரல்களின் மேல் ஸ்தாயி சற்று முன்னே வந்து நிற்கும். இதற்குக் காரணம் உண்டு. திறந்த காதுக் குழாய் 3 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒலியைத் தானே உயர்த்தும். ரப்பரால் அடைத்துவிட்டால் அந்த இயற்கையான உயர்வு குலைந்துபோகும். அதை ஈடுகட்டவே நல்ல தயாரிப்பாளர்கள் அந்தப் பகுதியைத் தூக்கி வைக்கிறார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது. குறிப்பாகப் பேச்சுக்கு. ‘சாய்வு நாற்காலி’ எழுதி 1997-இல் சாகித்திய அகாடமி விருது பெற்ற தோப்பில் முஹம்மது மீரான் பிறந்த ஊர் இந்தத் தேங்காய்ப்பட்டணம். அவர் எழுத்தில் வருகிற பேச்சு இன்றும் தெருவில் வேகமாக ஓடுகிறது. உறவுக்காரர்கள் அனுப்புகிற வாட்ஸப் குரல் பதிவுகளில், மலையாளம் தோய்ந்த அந்த வேகத்தில், ஒரு சொல்லும் தப்பவில்லை.

இனி காற்றைச் சொல்ல வேண்டும். தேங்காய்ப்பட்டணத்தில் இருந்துகொண்டு காற்றைச் சொல்லாமல் இயர்போனைப் பற்றி எழுத முடியாது.

குழித்துறைத் தாமிரபரணி அரபிக்கடலில் விழும் முகத்துவாரம் இங்கேதான். பக்கத்திலேயே மீன்பிடித் துறைமுகம், அலைத்தடுப்புச் சுவர். தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிற மாதங்களில் அங்கே நின்றால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே சரியாகக் கேட்காது. என்னிடம் இரைச்சல் நீக்கும் வசதியுள்ள ஒயர்லெஸ் இயர்பட்ஸும் இருக்கிறது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம், சூ 2-வைப் போலப் பல மடங்கு விலை. பஸ்ஸில் அது அருமை. மார்த்தாண்டத்திலிருந்து புதுக்கடை வழியாக வரும் பஸ்ஸின் இன்ஜின் உறுமலைத் துடைத்தெடுத்துவிடுகிறது. சீராக, தாழ்வாக வரும் ஒலிக்கு எதிரலையை உண்டாக்கி அழிப்பதுதான் அதன் வேலை. பஸ்ஸில் அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது.

கடலோரத்தில் கதை மாறுகிறது. காற்று இயர்பட்ஸின் வெளி மைக் துளையில் மோதிச் சுழலும்போது மைக் அதை ஒலி என்று எடுத்துக்கொள்கிறது. அந்தச் சுழற்சி மைக்கின் வாயிலேயே உண்டாகிற ஒன்று, உங்கள் காதுக்கு வருகிற சத்தம் இல்லை. ஆனாலும் கருவி அதற்கு எதிரலை தயாரித்துக் காதுக்குள் அனுப்புகிறது. விளைவு, இரைச்சலை நீக்க வாங்கிய பொருளே காதுக்குள் குமுறுகிறது. சில மாடல்களில் காற்றுக்கென்று தனி வசதி இருக்கிறது. அது வெளி மைக்கை அடக்கிவைக்கும். அப்படியானால் எதற்குக் கூடுதல் பணம் கொடுத்தோமோ அதுவும் சேர்ந்து அடங்கிவிடுகிறது. அலையின் ஓசையும் இதற்குச் சரியாக வசப்படாது. அலை உடையும்போது தாழ்விலிருந்து உச்சம்வரை எல்லா அலைவரிசையும் கலந்து எழும். தாழ்ந்த பகுதியைக் கருவி குறைக்கும், மேலே ‘ஸ்ஸ்’ என்ற பகுதி மிஞ்சும்.

சூ 2-வில் மைக் வைத்து இரைச்சலை நீக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. அதனால் காற்றில் குமுறுவதற்கும் எதுவும் இல்லை. நுரை ரப்பரைப் போட்டுக்கொண்டு அலைத்தடுப்புச் சுவரோரம் உட்கார்ந்தால் கடல் எங்கோ தள்ளிப் போய்விடுகிறது. கேட்பது வீணையாக இருந்தால்கூட சத்தத்தைப் பாதிக்கு மேல் கூட்ட வேண்டியிருக்கவில்லை. இந்தச் சந்தோஷத்தை இந்த விலையில் நான் எதிர்பார்க்கவில்லை.

சத்தத்தைக் கூட்டாமல் இருப்பது சின்ன விஷயம் இல்லை. பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. சிறுவர்களுக்கு 75 டெசிபல். வெளியே இரைச்சல் கூடக்கூட நம் விரல் தானாகவே சத்தத்தைக் கூட்டும். நல்ல அடைப்பு அந்த விரலைத் தடுத்து வைக்கிறது. துறைமுகத்தில் இன்ஜின் சத்தத்துக்கு நடுவே வேலை செய்துவிட்டு, ஓய்வு நேரத்திலும் இயர்போனில் முழுச் சத்தம் வைத்துக் கேட்கிற இளைஞர்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. போன கேள்விப்புலன் திரும்பாது.

ஈரக் காற்றும் உப்பும் அடுத்த எதிரிகள். என் ஒயர்லெஸ் இயர்பட்ஸின் சார்ஜ் முனைகளில் பச்சையாகக் களிம்பு ஏறிவிட்டது. சர்வீஸில் கேட்டால் நீர் பட்ட சேதம், உத்தரவாதம் செல்லாது என்றார்கள். பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்று நீர்த்தடுப்புச் சோதனையின் குறி போட்டிருக்கிறது. அந்தச் சோதனை நல்ல தண்ணீரைத் தெளித்துச் செய்வது, உப்புக் காற்றைப் பற்றி அது எதுவும் சொல்லாது. இத்தனை நீளக் கடற்கரை உள்ள நாட்டில் விற்கிறவர்கள் இதைப் பெட்டியிலேயே தெளிவாக எழுத வேண்டும். சூ 2-வுக்கு பேட்டரியும் இல்லை, சார்ஜ் முனையும் இல்லை. ஒலி வெளிவரும் குழலின் வடிகட்டியைத் திருகிக் கழற்றி மாற்றலாம். வியர்வையும் காதழுக்கும் அடைத்து ஒலி மங்கும்போது இந்த ஏற்பாடு உயிர் காக்கும்.

தேங்காயெண்ணெய் தடவிய தலையோடு இயர்போன் போடுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எண்ணெய் காதோரம் இறங்கினால் சிலிக்கான் ரப்பர் வழுக்கி வெளியே வந்துவிடும், நுரை ரப்பர் எண்ணெயைக் குடித்துக் கெட்டுப்போகும். சிலிக்கானைக் கழற்றிச் சோப்பு நீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். நுரையைக் கழுவிப் பயனில்லை, சில மாதங்களில் மாற்றத்தான் வேண்டும். அதனால் நடைக்கும் வெயிலுக்கும் சிலிக்கான், உட்கார்ந்து கேட்பதற்கு நுரை என்று பிரித்துக்கொண்டேன். மாட்டும்போது மறு கையால் காது மடலைப் பின்னோக்கி மேலே இழுத்துப் பிடித்தால் குழாய் நேராகும், ரப்பர் வலிக்காமல் உள்ளே போகும். ஒயரைக் காதுக்குப் பின்னால் சுற்றிவிட்டால் அது சட்டையில் உரசும் சத்தமும் பெரும்பாலும் அடங்கிவிடும். முறுக்கு தின்றுகொண்டு கேட்க மட்டும் முடியாது. காதை அடைத்தால் தாடையின் ஓசை உள்ளேயே பெருகும். எந்த விலை கொடுத்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது.

ஒயர்லெஸ் தோற்காத இடங்களும் உண்டு. நடந்துகொண்டே கைவேலை பார்ப்பவருக்கு ஒயர் தொல்லைதான். பல போன்களில் இப்போது 3.5 மில்லிமீட்டர் துளையே இல்லை, தனி அடாப்டர் வாங்க வேண்டும். ஆனால் அழைப்புக்கு ஒயர்தான் என் கட்சி. வீட்டுத் திண்ணையிலிருந்து இயர்பட்ஸில் பேசினால், சவூதியிலிருந்து மச்சான், “என்னடே, ஒரே இரைச்சலா கெடக்கு?” என்று வைத்துவிடுவார். மைக் உள்ள ஒயரைச் சட்டைக்குள் விட்டுப் பேசியபோது அந்தப் புகார் வரவில்லை.

கடலோரத்தில் வாழ்கிறவர்களுக்கும், காற்றடிக்கும் மொட்டை மாடியில் பாட்டுக் கேட்கிறவர்களுக்கும் சூ 2-வைத் தயங்காமல் சொல்வேன். நாள் முழுவதும் பஸ், ரயில், விமானம் என்று திரிபவர்கள் இரைச்சல் நீக்கும் இயர்பட்ஸையே வாங்கட்டும். எதை வாங்கினாலும் ரப்பருக்கென்று தனியாகச் சில நூறு ரூபாய் ஒதுக்குங்கள். கனிமம் ஏற்றிக் கேரளத்துக்குப் பறக்கும் டாரஸ் லாரிகள் ஓடுகிற நம் குறுகிய சாலைகளில் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு நடக்காதீர்கள். மழைக்காலத்தில் காதில் அரிப்போ ஈரமோ இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.