கடை நம்பருக்கு ஃபைபர் லைன்: ஒரு கருவாட்டுக் கடையில் வைத்துப் பார்த்தது

தங்கச்சிமடத்தில் என் மச்சானின் கருவாட்டுக் கடைக்கு இரண்டு நம்பர். ஒன்று 04573-இல் தொடங்கும் லேண்ட்லைன். அவருடைய அப்பா காலத்தில் வாங்கியது. கடை போர்டிலும் பில் புத்தகத்திலும் வருஷா வருஷம் அடிக்கும் காலண்டரிலும் அதுதான் இருக்கிறது. மற்றது அவர் சட்டைப்பையில் கிடக்கும் செல். உப்புக்காற்றில் செப்புக் கம்பி அரித்துப்போய், நாலு தூறல் விழுந்தாலே லேண்ட்லைனில் கரகர சத்தம் மட்டும்தான் என்று ஆனபிறகு வியாபாரம் முழுக்க செல்லுக்குப் போய்விட்டது. அவர் பாம்பனில் ஏலத்தில் நிற்கும்போது கடைக்கு வரவேண்டிய அழைப்பும் அங்கேதான் அடிக்கும். அந்தக் கூச்சலில், "அண்ணே, நெத்திலி என்ன விலை?" என்று பரமக்குடிக்காரர் கேட்டால் காதில் விழாது. விழுந்தாலும், கடையில் எத்தனை கிலோ மிச்சம் கிடக்கிறது என்பது கடைப் பையனுக்குத்தான் தெரியும்.

கடைக்கென்று ஒரு லைன் வேண்டும். அதை இன்டர்நெட்டிலேயே ஓட்ட முடியுமா என்று பார்த்தோம். முடிகிறது. ஆனால் எல்லோரும் முதலில் நினைக்கிற வழியில் அல்ல.

எல்லோரும் முதலில் நினைப்பது வாட்ஸ்அப். 2018-இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் சரக்குப் பட்டியல், கடை நேரம், "இப்போது கடை மூடியிருக்கிறது" என்று தானாகப் போகும் பதில் எல்லாம் உண்டு. வாளை, சீலா, திருக்கை என்று படத்தோடு போட்டுவிட்டால் மதுரைக்காரர் பார்த்துத் தேர்ந்தெடுத்து பார்சலுக்குச் சொல்லிவிடுவார். கேட்டலாக் என்ற வகையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. போன் லைன் என்ற வகையில் அது பாதிதான். பட்டன் போன் வைத்திருப்பவர் வாட்ஸ்அப்பைக் கூப்பிட முடியாது. வாட்ஸ்அப்பிலிருந்து அவரையும் கூப்பிட முடியாது. கருவாடு வாங்கி ஊர் ஊராகக் கூடையில் கொண்டுபோய் விற்கும் அம்மாக்களில் பலர் கையில் இன்னும் பட்டன் போன்தான். அவசரத்துக்கு 112 அடிக்கவும் வழியில்லை. கடலில் படகு சிக்கினால் கடலோரக் காவல் படைக்கு அடிக்கவேண்டிய 1554-க்கும் இதில் வழியில்லை.

கீழக்கரைப் பக்கம் இன்னொரு சங்கதி. வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கும் ஊர் அது; ஆள் வளைகுடாவுக்குத் திரும்பும்போதெல்லாம் பெட்டியில் மாசிக் கருவாடும் போகும். ஆனால் துபாயிலிருந்து வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பலாம், குரல் பதிவு அனுப்பலாம், அழைக்க மட்டும் முடியாது. அமீரகம் அதைத் தடுத்தே வைத்திருக்கிறது. போட்டிம் மாதிரி அனுமதி பெற்ற ஆப்களில்தான் பேசவேண்டும். சவூதி 2017-இல், தன் விதிகளுக்கு உட்பட்ட இன்டர்நெட் அழைப்பு ஆப்கள் மீதிருந்த தடையை நீக்கியது. ஆக, வெளிநாட்டு வாடிக்கையாளரை நம்பும் கடை, அந்த நாட்டுச் சட்டத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டியிருக்கிறது.

ஆப்பிலிருந்து சாதாரண நம்பருக்கு ஏன் பேச முடிவதில்லை? தொழில்நுட்பத்தில் தடை ஏதும் இல்லை. உரிமம் இல்லாதவர் உள்நாட்டு அழைப்பை இன்டர்நெட்டிலிருந்து போன் வலைக்கு மாற்றிவிடக்கூடாது என்பது நம் ஊர் விதி. இந்தியாவுக்குள் செல்லுக்கும் லேண்ட்லைனுக்கும் பேசும் வசதியை ஸ்கைப் 2014 நவம்பரில் நிறுத்திக்கொண்டது. 2017-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரை செய்து, 2018 ஜூனில் தொலைத்தொடர்புத் துறை தெளிவுபடுத்திய பிறகுதான் உரிமம் உள்ள நிறுவனங்களுக்கு வழி திறந்தது. அடுத்த மாதமே பிஎஸ்என்எல் 'விங்ஸ்' என்று ஒன்றை அறிவித்தது: சிம் கிடையாது, பத்து இலக்க நம்பர் மட்டும், ஆப்பில் போட்டுக்கொண்டு எந்த இன்டர்நெட்டிலிருந்தும் எந்த போனுக்கும் பேசலாம், அன்று ஆண்டுக் கட்டணம் ₹1,099, வரி தனி.

எண்ணம் நல்ல எண்ணம்தான். இப்படி இன்டர்நெட் வழியே பேசும் எஸ்ஐபி ஆப் ஒன்றை மச்சான் செல்லில் போட்டுப் பார்த்தோம். பேசும்போது குரல் கணீரென்று இருக்கிறது. தொல்லை, அழைப்பு வரும்போதுதான். செல்லைக் கொஞ்ச நேரம் தொடாமல் வைத்தால் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஆண்ட்ராய்டு அந்த ஆப்பைத் தூங்கவைத்துவிடும். கூப்பிட்டவருக்கு ரிங் போகிற மாதிரிதான் கேட்கும். இங்கே சத்தமே இருக்காது. செட்டிங்ஸில் போய் அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிறது. 'பெரும்பாலும்' என்பதை நம்பி கடை நம்பரைப் பத்திரிகையில் விளம்பரம் செய்ய முடியாது. மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, பச்சை மீன் குறைந்து கருவாட்டைத் தேடி ஆள் கூப்பிடும் நேரத்தில் ஒரு அழைப்பு தவறினாலும் அது பக்கத்துக் கடைக்குப் போய்விடும்.

கடைசியில் நின்றது ஃபைபர் லேண்ட்லைன். இதுவும் இன்டர்நெட் அழைப்புதான். நம் குரல் தரவாக மாறி, கண்ணாடி இழையில் போகிறது. ஆனால் அந்த வேலையைச் செய்வது செல்லில் உள்ள ஆப் அல்ல, கடைச் சுவரில் மாட்டிய, ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டி. அதன் பின்பக்கம் வைஃபை ஆன்டெனாவுக்குக் கீழே போன் ஒயர் சொருகும் சின்ன ஓட்டை ஒன்று இருக்கும். பல கடைகளில் அது இருப்பதே தெரியாமல் தூசி படிந்து கிடக்கிறது. பழைய போன் செட்டை அதில் சொருகினால் அடிக்கிறது. செப்புக் கம்பியில் இருந்த அதே பழைய நம்பரை அதே நிறுவனத்தின் ஃபைபருக்கு மாற்றிக்கொள்ளலாம். எங்களுக்கு இதுதான் பெரிய விஷயம்: போர்டு மாற்றவில்லை, காலண்டர் மாற்றவில்லை.

குரலுக்கு வேகம் எல்லாம் தேவையே இல்லை. வழக்கமான குறிமுறையில் ஒரு பேச்சுக்கு விநாடிக்கு 64 கிலோபிட், மேல்செலவு சேர்த்து 90-க்குள் முடிந்துவிடும். மலிவான ஃபைபர் திட்டத்திலேயே அதைப்போல நூறு மடங்குக்கு மேல் இருக்கிறது. தாமதம்தான் கவனிக்கவேண்டியது. ஒருவர் சொன்னது மற்றவர் காதில் விழ 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல். ஃபைபரில் உள்நாட்டுக்குள் அந்தச் சிக்கல் எழவில்லை. செல் டேட்டாவில் எழுகிறது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அக்னி தீர்த்தக் கரையில் கூட்டம் நெரியும்போது ராமேஸ்வரத்தில் செல் டேட்டா படுத்துவிடும். சன்னதித் தெருவுக்குப் பக்கத்தில் லாட்ஜ் நடத்தும் நண்பருக்கு, ரூம் கேட்டு வடக்கிலிருந்து அழைப்பு குவிவதும் அந்த நாட்களில்தான். வாட்ஸ்அப்பில் "ஹலோ... ஹலோ..." என்று கத்திக்கொண்டிருந்தவர், இப்போது ரிசப்ஷனில் இருக்கும் ஃபைபர் போனில் சாவகாசமாக இந்தி பேசுகிறார்.

சின்னச் சின்னப் பழக்கங்கள் மாறவேண்டும். லேண்ட்லைனிலிருந்து செல்லுக்கு அடிக்கும்போது முன்னால் 0 சேர்க்கவேண்டும்; 2021 ஜனவரி 15 முதல் இது நாடு முழுக்க விதி. கடைப் பையனுக்கு இது பழக ரொம்ப நாள் பிடித்தது. ஒரே லைன் என்பதால் ஒருவர் பேசும்போது அடுத்தவருக்கு பிஸி. கருவாட்டுக் கடைக்கு அது பரவாயில்லை, லாட்ஜுக்குப் போதாது. ஒரே நம்பருக்கு வரும் பல அழைப்புகளைப் பல பேருக்குப் பிரித்துவிடும் கிளவுட் டெலிபோனி சேவைகள் லாட்ஜ் நண்பருக்குப் பொருந்தலாம். எங்கள் அளவுக்கு அது வீண் செலவு. "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்" என்று கருவாட்டுக் கடை பேசினால் வாடிக்கையாளர் ராங் நம்பர் என்று வைத்துவிடுவார்.

இனி, இந்தக் கரைக்கே உரிய தொல்லைகள். பழைய செப்பு லைனுக்கு எக்ஸ்சேஞ்சின் பேட்டரியிலிருந்தே 48 வோல்ட் வந்துகொண்டிருக்கும். ஊர் முழுக்க இருட்டானாலும் போன் அடிக்கும். ஓஎன்டிக்குக் கடையிலிருந்துதான் மின்சாரம். கரண்டு போன நொடியில் லைனும் போய்விடும், வடகிழக்குப் பருவமழையில் கரண்டு போகாத வாரம் ஏது? அதனால் அடாப்டருக்கும் பெட்டிக்கும் நடுவில் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று போட்டோம். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் வோல்ட், ஆம்பியர் கணக்கைப் பார்த்துவிட்டு வாங்கவேண்டும். இது இல்லாமல் ஃபைபர் லைனைக் கடை லைன் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

உப்பு இன்னொன்று. கண்ணாடி இழையை அது ஒன்றும் செய்யாது. ஆனால் போன் ஜாக்கின் செப்பு முனைகளைத் தின்கிறது. கரகரப்பு திரும்ப வந்த ஒரு நாள் ஒயரைப் பிடுங்கிப் பார்த்தால், நுனியில் பச்சை பூத்திருந்தது. புது ஒயர் மாட்டி, பெட்டியைக் கருவாட்டு மூட்டைக்கும் கடல் பக்கத்து ஜன்னலுக்கும் தள்ளி உள்சுவரில் வைத்தபிறகு அடங்கியது. ஃபைபர் கம்பத்தில் தொங்கி வருவதால் உயரமாகச் சரக்கேற்றிய லாரியோ சாய்ந்த பனை மட்டையோ இழுத்துவிட்டால் அறுந்துவிடும். அதை ஒட்டவைக்கக் கேபிள்காரர் கருவியோடு வரவேண்டும். கம்பெனிப் பெயரைவிட, உங்கள் தெருவுக்கு வரும் கேபிள்காரர் போனை எடுப்பாரா என்று விசாரித்து இணைப்பு வாங்குங்கள். லைன் அறுந்திருக்கும் நேரத்துக்கு கால் ஃபார்வர்டிங்கைச் செல்லுக்குப் போட்டுவைக்கலாம். மச்சான் ஞாயிறு மதியம் கடை பூட்டும்போதும் அதைத்தான் செய்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்த அம்சத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அந்த லேண்ட்லைன் நம்பரிலேயே வாட்ஸ்அப் பிசினஸைத் திறக்கலாம். +91 போட்டு, முன்னால் உள்ள பூஜ்ஜியம் இல்லாமல் 4573-இல் தொடங்கி நம்பரைக் கொடுங்கள். எஸ்எம்எஸ் லேண்ட்லைனுக்கு வராது. சற்றுப் பொறுத்தால் 'என்னை அழை' என்ற வழி காட்டும். அதை அழுத்தியதும் கடை போன் அடிக்கிறது, ஒரு இயந்திரக் குரல் ஆறு இலக்கத்தைச் சொல்கிறது. பக்கத்தில் பேனாவும் பேப்பரும் இருக்கட்டும், வேகமாகச் சொல்கிறது. கையோடு இரண்டடுக்குப் பாதுகாப்புக்கான PIN நம்பரையும் போட்டுவிடுங்கள். இப்போது போர்டில் ஒரே நம்பர்: பட்டன் போன்காரர் அதற்கு அடிக்கிறார், படம் கேட்பவர் அதற்கே வாட்ஸ்அப் அனுப்புகிறார். கடை திறந்திருக்கும் நேரத்தில் மச்சானின் சொந்த செல்லில் இனி வீட்டு அழைப்பு மட்டும்.

கம்பி எட்டாத இடத்தில் இருப்பவர்களுக்கு இது எதுவும் சரிவராது. தனுஷ்கோடி சாலையோரம் மீன் வறுக்கும் ஓலைக்கடைக்கு சிம் போட்ட பட்டன் போன் ஒன்றும், சிக்னல் எந்த மூலையில் வரும் என்ற அனுபவமும் போதும்.