எரிந்த தெருவும் மலிவுப் படமும்

நண்பர் ஊற்றித் தந்த சிறு வடிசாலைப் பியரோடு, சிரிப்பதற்கென்றே அமர்ந்தோம். என்சோ காஸ்டெல்லாரியின் ‘1990: புரோங்ஸ் வாரியர்ஸ்’ 1982இல் வெளிவந்த மலிவான இத்தாலியப் படம். அரசு கைவிட்ட நியூயோர்க்கின் புரோங்ஸ் பகுதியைக் கும்பல்கள் ஆள்கின்றன; பெருநிறுவன வாரிசான பெண்ணொருத்தி அங்கே ஓடிவருகிறாள். நடிப்புச் சகிக்கவில்லை.

ஆயினும் அத்தெருக்களின் இடிபாடுகள் பணங்கொடுத்துக் கட்டிய அரங்கமைப்பல்ல. 1970களில் வங்கிகள் கடன் மறுக்க, காப்புறுதிப் பணத்துக்காக உடைமையாளர் சிலர் தீ மூட்டுவிக்க, நகராட்சி தீயணைப்பு நிலையங்களை மூட, கறுப்பரும் புவேர்ட்டோரிக்கரும் வாழ்ந்த வீடுகள் எரிந்தன. எரித்தவர் யாரெனப் படம் கேட்கவில்லை. எஞ்சியோரைக் கொள்ளையராக்கிக் காட்டுகிறது. இறுதியில் ஆயுதப்படை தீயுமிழ் கருவிகளோடு குதிரையேறி வரும்போது மட்டும், இயக்குநர் கருதினாரோ இல்லையோ, உண்மை எட்டிப்பார்க்கிறது. அவ்விடத்தில் எங்களுள் எவரும் சிரிக்கவில்லை.

இன்று தென் புரோங்ஸிலும் அத்தகைய பியர் வடிக்கிறார்கள்.