ஆட்டத்திலுமா கங்காணி?

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளிலும் கிள்ளான் வீடுகளிலும் நம் இளைஞர்கள் வீடியோ விளையாட்டில் ஈடுபட்டிருக்கக் கண்டு, பொழுதை வீணாக்கும் பொல்லாக் கருவியென்று கடிந்துரைப்போர் பலர். ஒன்றைத் தொட்டும் பாராமல் அதன்மேல் தீர்ப்புக் கூறுதல் பகுத்தறிவுக்குப் பொருந்துமா? நாடகத்தையும் சினிமாவையும் நன்று தீது ஆராய்ந்து கொள்ளும் நாம், இதனையும் அவ்வாறே ஆராய்தல் வேண்டும்.

புதிய நிலப்பரப்பொன்றைச் சுற்றித் திரிந்து காணும் வகை ஆட்டங்களுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. போய்ச் சேர வேண்டிய இடமோ, பெற வேண்டிய பரிசோ இல்லாதபோதும், ஆடுபவர் ஓட விரும்புகிறாரா என்பதே அது.

2018இல் வெளிவந்த ஸ்பைடர்-மேன் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். நியூயார்க் நகரத்து மாளிகைகளில் நூலை எறிந்து ஊசலாடிச் செல்கிறோம். ஊசலின் தாழ்வில் நூலை விட்டால் முன்வேகம் மிகும். ஏற்றத்தில் விட்டால் உயரம் கிட்டும். இவ்விரண்டில் எது வேண்டுமென்று கணந்தோறும் ஆடுபவரே முடிவு செய்கிறார். 2012இல் வந்த ஜர்னியில் மணற்குன்றின் சரிவில் வழுக்கிச் செல்வதே பேரின்பம்; கழுத்துத் துணி நீள நீளப் பறக்கும் ஆற்றலும் வளர்கிறது. ஆடம் ராபின்சன்-யூ 2019இல் படைத்த எ ஷார்ட் ஹைக்கில், கைப்பேசித் தொடர்பு வேண்டி ஒரு பறவைச் சிறுமி மலையேறுகிறாள். பொன்னிறகுகள் சேரச் சேர உயர ஏறுகிறாள். உச்சியினின்று சிறகு விரித்து மிதந்திறங்குகிறாள்.

இம்மூன்றிலும் வேகம் என்பது அவசரமன்று. நிலத்தை அறியும் வழியாகும். சரிவைக் கண்டால் சறுக்கலாமென்றும், சுவரைக் கண்டால் பற்றலாமென்றும் கண் தானே கற்றுக்கொள்கிறது. கற்றதைக் கால் உடனே செய்து பார்க்கிறது. மகிழ்ச்சி அங்கேதான் பிறக்கிறது.

இதற்கு மாறானவையே பெரும்பாலானவை. வரைபடம் முழுதும் குறிகள்! அங்கே போ, பத்துப் பேரைக் கொல், இருபது பொருளைத் திரட்டு, திரும்பி வா என்று ஓயாத கட்டளைகள்! நடை சலிப்பூட்டுவதால், ஒரு நொடியில் ஊர்விட்டு ஊர் தாவும் வசதியையும் அவ்வாட்டமே அளிக்கிறது. வழியில் சுவையில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? ஸ்பைடர்-மேனும் இக்குற்றத்திற்கு முற்றும் விலக்கன்று. அந்நகரத்திலும் குறிகள் நிறைந்தே கிடக்கின்றன.

இத்தகைய ஆட்டம் நமக்குப் புதிதன்று. விடியுமுன் பெரட்டு, பெயர் கூப்பிட்டு நிரை பிரித்தல், மாலையில் கணக்கு — இதுவன்றோ நம் பாட்டன்மார் ரப்பர்த் தோட்டத்தில் கண்ட வாழ்வு? கூலிக்காரர் மலாயாவுக்கு உதவிச் செலவில் குடிபெயர்வதை 1938இல் இந்திய அரசு தடுத்ததும் கங்காணி வழி ஆள் சேர்ப்பு ஓய்ந்தது. அவர்தம் பேரர், காசு கொடுத்து வாங்கிய ஆட்டத்தில், கண்காணாத கங்காணிக்கு நிரை வெட்டுவதா?

கோலாலம்பூரிலேயே மெட்ரோனாமிக் என்னும் நிறுவனம் ஆக்கிய நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ் 2020இல் வெளிவந்தது. நகரையாளும் நிறுவனத்தை எதிர்த்து இரு இசைவாணர் கிளர்ந்தெழும் கதை இது. அதன் போர்க்களங்களில் பகைவரின் தாக்குதல் தாளத்தோடு விழுகிறது. செவி கேட்டதற்கேற்ப உடல் துள்ளுகிறது. மிக நன்று! ஆயின், போருக்கும் போருக்குமிடையே நகரத் தெருக்களில் திரியும்போது அத்தாளம் காலுக்கு வந்து சேரவில்லை. நடப்பதும் பொறுக்குவதுமாகவே நேரம் கழிகிறது. தெருவுக்கும் அத்துள்ளலைத் தந்திருப்பின் அப்படைப்பு முழுமையெய்தியிருக்கும் என்பது எம் கருத்து. உறுமி மேளத்தின் அடிக்குத் தம் கால்கள் எவ்வாறு எழுகின்றன என்பதை அறிந்த நம் இளைஞர் இத்தொழிலில் இறங்கினால், இக்குறையைத் தீர்க்கமாட்டாரா?

திரையில் ஓடுவது திடலில் ஓடுவதற்கு ஈடாகாது என்பர். உண்மையே. ஆனால் தடையின்றி ஓடும் இன்பத்தைத் திரையிலாயினும் சுவைத்தவர், நிறுத்திய வண்டிகள் அடைத்த நடைபாதையைக் கண்டு, "எம் ஊரில் எமக்கு ஏன் வழியில்லை?" என்று கேட்கவும் கற்பார். அக்கேள்வி எழுமாயின் ஆட்டம் வீணன்று.

ஆதலின் பெற்றோர்களே, பிள்ளை எத்தனை நாழிகை ஆடினான் என்று மட்டும் கேளாதீர்கள். அவனே வழி தேர்ந்து ஓடினானா, ஏவியபடி ஓடினானா என்றும் கேளுங்கள்.