விதிமொழியும் ஆட்டமொழியும்: சித்தூர், திருப்பதி வகுப்பறைகளை முன்வைத்து ஆங்கில விளையாட்டுகள் பற்றிய ஒரு திறனாய்வு

0. முன்னுரை

இளஞ்சிறார்க்கு ஆங்கிலம் கற்பிப்பதில் விளையாட்டு இன்றியமையாத கருவி என்பது இன்று ஏறத்தாழ எல்லாராலும் ஏற்கப்பட்ட கருத்தாகும். தென்கொரியா 1997ஆம் ஆண்டில் தொடக்கப் பள்ளியின் மூன்றாம் வகுப்பு முதல் ஆங்கிலத்தை முறையான பாடமாக்கியபோது, பாட்டு, தாள உரை, ஆட்டம் ஆகியவற்றுக்கு வகுப்பறையில் முதன்மையான இடம் அளித்தது. கொரியச் சிறாரை மனத்திற்கொண்டு தொகுக்கப்பட்ட ஆட்டங்கள் பிற ஆசிய நாட்டு ஆசிரியர்களுக்கும் இன்று எளிதில் கிடைக்கின்றன. கொரியம், தெலுங்கு, தமிழ் ஆகிய மூன்றும் வினையை இறுதியில் கொண்ட மொழிகள். மூன்றிலும் வேற்றுமைப் பொருள் பெயருக்குப் பின் வரும் உருபுகளால் உணர்த்தப்படுகிறது. ஆங்கிலத்தில் உள்ளவை போன்ற சுட்டு இடைச்சொற்கள் மூன்றிலும் இல்லை. ஆகவே கொரியக் குழந்தைக்குப் பொருந்திய ஆட்டம் சித்தூர்க் குழந்தைக்கும் பொருந்தும் என எண்ண இடமுண்டு. அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. களமும் முன்முயற்சியும்

1911இல் சென்னை மாகாணத்தில் உருவான சித்தூர் மாவட்டம் தொடக்கம் முதலே இருமொழி நிலம். 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்த பின்னரும் நகரி, குப்பம், சத்தியவேடு முதலிய பகுதிகளில் தமிழ் வீட்டுமொழியாகத் தொடர்கிறது. 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டுத் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இப்பகுதியில் வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் கேட்கும் குழந்தைக்கு ஆங்கிலம் மூன்றாம் மொழி. கொரியக் குழந்தைக்கு வீடு, தெரு, பள்ளி மூன்றும் ஒரே மொழி என்பதை இதனோடு ஒப்பிட்டு நோக்க வேண்டும்.

செயல்வழிக் கற்பித்தலில் இப்பகுதி பிறரைப் பின்பற்றிய பகுதியன்று. பிறர்க்கு வழிகாட்டிய பகுதி. அன்றைய சித்தூர் மாவட்டத்தில் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலியில் பத்மநாப ராவும் ரமாவும் ஓராசிரியர் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டைமுறை, பாடத்தை மைல்கற்களாகப் பகுத்து, அவற்றை ஒரு கற்றல் ஏணியில் நிரல்படுத்தியது. அறிமுகம், வலுவூட்டல், பயிற்சி, மதிப்பீடு, குறைதீர் பயிற்சி அல்லது வளமூட்டல் என ஒவ்வொரு மைல்கல்லிலும் குழந்தை தன் வேகத்தில் முன்னேறும். சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 2003இல் இதனைத் தழுவின. பின்னர் 'செயல்வழிக் கற்றல்' என்னும் பெயரில் இது தமிழகம் முழுவதும் பரவியது.

இம்முறையின் வலிமை தாய்மொழி எழுத்தறிவில் வெளிப்பட்டது. அதற்கு மொழியியற் காரணம் உண்டு. தெலுங்கிலும் தமிழிலும் எழுத்துக்கும் ஒலிப்புக்கும் உள்ள உறவு பெரிதும் ஒழுங்கானது. ஓர் எழுத்தைக் கற்ற குழந்தை அதைச் சொல்தோறும் நம்பிப் படிக்கலாம். எனவே எழுத்து ஏணியின் படியாக அமையக்கூடும். ஆங்கிலத்தில் 'கேட்' என்னும் பூனைப்பெயரின் முதலெழுத்தே 'சிட்டி' என்னும் நகரப்பெயரிலும் முதலெழுத்து, ஒலிப்போ வேறு. எழுத்தைப் படியாக வைத்தால் இரண்டாம் படியிலேயே ஏணி ஆடுகிறது. மேலும் அட்டை தனியே அமர்ந்து கற்க உதவும். பேச்சுக்கோ எதிரில் ஒருவர் வேண்டும். இவ்விடைவெளியை நிரப்பவே ஆட்டம் தேவைப்படுகிறது.

2. முன்வரும் கூறும் பின்வரும் கூறும்

உலகெங்கும் ஆடப்படும் 'சைமன் செஸ்' ஆட்டத்தை முதற்சான்றாகக் கொள்ளலாம். தலைவர் 'சைமன் செஸ், டச் யுவர் நோஸ்' என்றால் மூக்கைத் தொட வேண்டும். 'டச் யுவர் நோஸ்' என்று மட்டும் சொன்னால் அசையாது நிற்க வேண்டும். மேற்கோளை அறிமுகப்படுத்தும் தொடர் முன்னே வருவதே ஆட்டத்தின் உயிர். அது வந்ததா இல்லையா என்பதைக் குழந்தை கட்டளைக்கு முன்னரே அறிந்துவிடுகிறது.

இதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தமிழில் 'மூக்கைத் தொடு என்று சைமன் சொன்னான்' எனவும், தெலுங்கில் 'முக்கு பட்டுகோ அனி சைமன் செப்பாடு' எனவும் அமையும். 'என்று', 'அனி' ஆகியன இறுதியில் வருகின்றன. கட்டளையைக் கேட்ட கை மூக்கை அடைந்த பின்னரே சைமன் வந்து சேர்கிறான். மொழிபெயர்ப்பில் பிழையில்லை, ஆனால் ஆட்டம் இறந்துவிடுகிறது.

கொரிய மொழியும் இதே இடரை உடையது. அங்கு மேற்கோட்குறி இயல்பாகப் பின்வருவது. ஆயினும் கொரியர் இந்த ஆட்டத்தைக் 'கரசதே' என்னும் பழஞ்சொல்லால் ஆடுகின்றனர். 'கூறினார்' என்னும் பொருளுடைய இச்சொல், கன்பூசியசு போன்ற சான்றோரின் வாக்கை எடுத்துரைக்கும் பழைய நடையில் மேற்கோளுக்கு முன்னே நிற்பது. வழக்கொழிந்த ஒரு வடிவம் சிறுவர் ஆட்டத்தில் உயிர்த்திருக்கிறது. காரணம், அந்த இடத்தை நிரப்ப வேறு வடிவம் பொருந்தவில்லை. இதனைச் சொல்லின் மொழிபெயர்ப்பு என்பதைவிட இடத்தின் மொழிபெயர்ப்பு என்பது பொருத்தமாகும்.

தமிழிலும் தெலுங்கிலும் இத்தகைய முன்வரு வடிவங்கள் இல்லாமல் இல்லை. தண்டோராக்காரரின் 'அறிவிப்பது யாதெனில்' என்னும் தொடக்கமும், 'ராஜுகாரி ஆஜ்ஞ' என்னும் அரசாணைத் தொடரும் கட்டளைக்கு முன்னே நிற்கத்தக்கவை. விதியை விளக்குவதற்காக ஒருமுறை இவ்வடிவில் ஆடிக்காட்டிய பின் ஆங்கிலத்திற்கு மாறினால், முன்னே வரும் கூறுக்குச் செவிகொடுக்கக் குழந்தை பழகியிருக்கும். வினையையே முதலில் வைக்கும் ஆங்கில ஏவல் தொடருக்கு, வினையை இறுதியில் எதிர்பார்க்கும் செவியைப் பழக்குவதால், இந்த ஆட்டம் ஆங்கிலக் குழந்தையைவிடக் கொரிய, தெலுங்கு, தமிழ்க் குழந்தைக்கே மிகுந்த பயன் தருவது எனலாம்.

3. ஒலியாட்டங்கள்: பெயர்க்க இயலாத பட்டியல்

ஓரொலி வேறுபாட்டுச் சொற்களைக் கொண்டு ஆடும் அட்டையாட்டம் இரண்டாம் சான்று. கொரியச் சிறார்க்குரிய தொகுப்புகளில் 'ரைட்', 'லைட்' போன்ற ரகர லகர இணைகள் தவறாமல் இடம்பெறுவது இயல்பே. கொரியத்தில் இவ்விரண்டும் ஒரே ஒலியனின் மாற்றொலிகள். தெலுங்கிலும் தமிழிலும் இவை வெவ்வேறு ஒலியன்கள். சித்தூர்க் குழந்தை இந்த ஆட்டத்தை முதல் முறையிலேயே வெல்லும். ஆனால் அதில் கற்றது ஒன்றுமில்லை.

மாறாக, 'வெட்', 'வெட்' என்று தமிழெழுத்தில் ஒன்றாகவே எழுத நேரும் இணை, அதாவது கால்நடை மருத்துவரையும் ஈரத்தையும் குறிக்கும் இரு சொற்கள், இப்பகுதிக்கு இன்றியமையாதது. பல்லிதழ் ஒலியையும் ஈரிதழ் ஒலியையும் தெலுங்கு, தமிழ் இரண்டும் ஒரே வகரத்தில் அடக்குகின்றன. கொரியத்தில் இதே பல்லிதழ் ஒலி பகரத்தின்பாற் சாய்கிறது. அங்கு வேண்டிய இணை வேறு.

ஒரே வகுப்பினுள்ளும் வேறுபாடு உண்டு. சொன்முதலில் வரும் வல்லொலி, குரலொலி வேறுபாட்டைத் தெலுங்கு எழுத்து தனித்தனிக் குறியால் காட்டுகிறது, தமிழெழுத்து காட்டுவதில்லை. 'பின்' என்னும் ஊசியும் 'பின்' என்னும் குப்பைத்தொட்டியும் தெலுங்கில் மட்டும் எழுதப் படித்த குழந்தைக்கு எளிது. தமிழில் எழுதப் பழகிய குழந்தைக்குப் பேச்சில் எளிது, எழுத்தில் அரிது. ஒலியாட்டத்தின் பட்டியல் பெயர்க்கத்தக்கதன்று. ஒவ்வொரு மொழிச்சூழலுக்கும் புதிதாக ஆக்கத்தக்கது.

கொரியத்திலிருந்து நேரே எடுத்துக்கொள்ளத்தக்க ஒலியாட்டமும் ஒன்று உண்டு. அது கைதட்டி அசை எண்ணுவது. ஆங்கிலத்தில் ஓரசையான 'ஸ்ட்ரைக்' கொரியத்தில் ஐந்து அசைகளாக விரிகிறது, 'பஸ்' இரண்டாகிறது. மெய்க்குப் பின் அங்குச் சேரும் உயிர் இதழ் குவியாத உகரத்தை ஒத்தது. தமிழர் 'பஸ்ஸு' என்னும்போது இறுதியில் ஒலிப்பதும் இதழ் குவியாத உகரமே. இலக்கணத்தில் குற்றியலுகரம் எனப் பேசப்படும் ஒலியோடு இது உறவுடையது. தெலுங்கர் 'பஸ்ஸு' என்னும்போது வருவது இதழ் குவிந்த உகரம். ஒலி சற்றே வேறுபடினும் தட்டும் கைகளின் எண்ணிக்கை ஒன்றே. 'பஸ்' என்பதற்கு ஒருமுறை தட்ட வேண்டிய இடத்தில் குழந்தை இருமுறை தட்டுகிறது. தன் பிழையைத் தானே காண்கிறது. ஆசிரியர் திருத்தாமலே திருத்தம் நிகழும் ஆட்டம் இது.

4. விதிமொழியும் ஆட்டமொழியும்

மேற்கண்ட சான்றுகளிலிருந்து ஒரு பாகுபாட்டைப் பெறலாம். ஒவ்வோர் ஆட்டத்திலும் இருவகை மொழி உண்டு. எப்படி ஆடுவது என்பதைச் சொல்வது விதிமொழி. ஆடும்போது ஆடுவோர் பேசியாக வேண்டியது ஆட்டமொழி. முன்னது விளங்குவதற்கு, பின்னது உழைப்பதற்கு. கையேட்டை மொழிபெயர்ப்போர் இவ்விரண்டையும் பிரிக்காதபோது இருவகைக் கேடு நேர்கிறது. விதிமொழி ஆங்கிலத்திலேயே நின்றால் குழந்தை ஆட்டத்துள் நுழையவே இயலாது. ஆட்டமொழியும் பெயர்க்கப்பட்டால் ஆட்டம் நடக்கும், ஆங்கிலம் நடவாது.

ஆந்திரப் பிரதேசத்தில் 2020-21இல் அறிமுகமான இருமொழிப் பாடநூல்களை இந்நோக்கில் மதிப்பிடலாம். ஒரு பக்கம் ஆங்கிலமும் எதிர்ப்பக்கம் தெலுங்குமாக அவை அமைந்தன. கணிதம் போன்ற பாடங்களுக்கு இவ்வமைப்பு பெருந்துணை. அங்குப் பொருளே குறிக்கோள், மொழி வழி மட்டுமே. மொழியாட்டத்திலோ பொருளைத் தேடி ஆங்கிலத்தின் வழியாகச் செல்வதே குறிக்கோள். விடை எதிர்ப்பக்கத்தில் இருப்பின் தேடலுக்கு இடமில்லை. எனவே எதிர்ப்பக்க அமைப்பை ஆட்டத்திற்கும் நீட்டுவோர் விதியை மட்டுமே அங்கு வைக்க வேண்டும்.

இதில் தமிழ்வீட்டுக் குழந்தையின் நிலை தனியே கருதத்தக்கது. அதற்குத் தெலுங்கு விதிமொழியும் கற்ற மொழியே. ஆட்டத்தில் தயங்கும் அக்குழந்தைக்கு 'ஆங்கிலம் வரவில்லை' என்று முடிவு கட்டப்படலாம். உண்மையில் வராதது விதியாக இருக்கக்கூடும். தாய்மொழியில் விதியை ஒருமுறை கேட்ட பின்னரும் தயங்கினால்தான் குறை ஆங்கிலத்தில் உள்ளது என்று கொள்ளலாம். இவ்வேறுபாட்டை அறியாத மதிப்பீடு ஒரு குழந்தையின் பள்ளி வாழ்வையே திசைமாற்றிவிடும்.

5. ஆட்டத்தில் எங்கே மொழி?

பாம்பும் ஏணியும் வரைந்த பலகை தமிழில் பரமபதம் எனவும் தெலுங்கில் வைகுண்டபாளி எனவும் வழங்குவது. ஒரு பாடவேளை முழுவதும் அதனை ஆரவாரத்தோடு ஆடலாம். ஒரு சொல்லும் பேச வேண்டுவதில்லை. கட்டங்களில் ஆங்கிலச் சொற்களை எழுதிவிட்டால் அது மொழியாட்டம் ஆகிவிடாது. சொல்லைப் படிக்காமலே காய் நகருமானால் சொல் அங்கு அணிகலனே.

பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் 1979 முதல் 1984 வரை என்.எஸ்.பிரபு நடத்திய திட்டம் இங்கு நினைக்கத்தக்கது. செயல்களை அவர் தகவல் இடைவெளி, காரண இடைவெளி, கருத்து இடைவெளி என மூன்றாக வகுத்து, கிடைத்த தகவலிலிருந்து புதியதை உய்த்துணரும் காரண இடைவெளிக்கே முதன்மை தந்தார். கால அட்டவணைகளும் வரைபடங்களும் அவ்வகுப்புகளில் பாடப்பொருள்களாயின.

கொரியத் தொகுப்புகளின் கடையாட்டத்தை இவ்வளவுகோலால் நோக்கலாம். பழப்படத்தைக் காட்டிப் பெயர் சொல்லச் செய்தால் அது பெயரிடலே. சித்தூர் மாங்காய்க்குப் பெயர்பெற்ற மண். பங்கனப்பள்ளி, நீலம், கூழ் ஆலைகளுக்குச் செல்லும் தோத்தாபுரி ஆகியவற்றைக் குழந்தைகள் அறிவர். ஒருவரிடம் விலைப்பட்டியல், மற்றவரிடம் குறிப்பிட்ட தொகையும் வாங்க வேண்டியவற்றின் பட்டியலும் எனப் பிரித்துக் கொடுத்தால், எது வாங்கலாம், எதை விடலாம் என்பதை ஆங்கிலத்தில் கேட்டே அறிய வேண்டும். திருப்பதிப் பேருந்து நிலையத்தின் நேர அட்டவணையும் இவ்வாறே பயன்படும். பழத்தின் பெயரை ஆங்கிலப்படுத்த வேண்டுவதில்லை. கேள்வி ஆங்கிலமாக இருந்தால் போதும்.

6. தோற்றவர் எங்கே செல்கிறார்?

கையேடுகளில் வரும் ஆட்டங்கள் பலவற்றில் தவறியவர் வெளியேறுகிறார். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் முதற்கட்டளையிலேயே தவறும் குழந்தை ஆட்டம் முடியும்வரை வாய்மூடி அமர்கிறது. இறுதிவரை நின்று பயிற்சி பெறுவது முன்பே கற்ற குழந்தை. மிகுதியாக வேண்டுபவர்க்குக் குறைவாகவும், வேண்டாதவர்க்கு மிகுதியாகவும் வழங்கும் முறை இது. தவறாதார் போல் காணப்படுவோரும் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துச் செய்பவராக இருக்கலாம்; கண்களை மூடி ஆடச்செய்தாலன்றிப் புரிதல் வெளிப்படாது.

நாட்டார் ஆட்டங்கள் இதற்கு வேறொரு விதி தருகின்றன. தமிழில் பாண்டி எனவும் தெலுங்கில் தொக்குடு பில்ல எனவும் வழங்கும் ஆட்டத்தில் கோட்டை மிதித்தவர் தம் முறையை இழக்கிறார், ஆட்டத்தை இழப்பதில்லை. அடுத்த முறையில் விட்ட கட்டத்திலிருந்து தொடர்கிறார். ரிஷிவேலி ஏணியில் மதிப்பீட்டில் தவறிய குழந்தைக்குத் 'தோல்வி' என்னும் சொல் இல்லை. குறைதீர் அட்டை உண்டு. இரண்டின் கொள்கையும் ஒன்றே.

ஒருவர்பின் ஒருவராக ஆடும் முறையும் இவ்வாறே ஆராயத்தக்கது. நாற்பது நிமிடப் பாடவேளையில் நாற்பது பேர் முறைவைத்துப் பேசினால் ஒருவர்க்கு ஒரு நிமிடம். இருவர் இருவராகப் பிரித்தால் ஒவ்வொருவர்க்கும் இருபது நிமிடம். வகுப்பறையில் ஓசை பெருகும். அது மொழி பயிலும் ஓசை.

7. முடிவுரை

கொரியச் சிறாரின் ஆட்டங்கள் சித்தூர், திருப்பதி வகுப்பறைகளுக்கு ஏலாதவை என்பது இக்கட்டுரையின் முடிபன்று. தொடரமைப்பு ஒற்றுமையால் ஏவலாட்டமும் அசையாட்டமும் நன்கு பொருந்துகின்றன. ஒலியன் வேற்றுமையால் இணைச்சொல் ஆட்டம் பொருந்தவில்லை. வகுப்பறையின் பன்மொழிமையால் விதிமொழி தனிக் கவனம் வேண்டுகிறது. ஓர் ஆட்டத்தை மொழிபெயர்ப்பவர் மூன்று வினாக்களுக்கு விடை காண வேண்டும். விதி குழந்தைக்குத் தெரிந்த மொழியில் உள்ளதா? ஆங்கிலம் இல்லாமல் ஆட்டத்தில் வெல்ல முடியுமா? தவறிய குழந்தை ஆட்டத்தினுள்ளேயே இருக்கிறதா? முதல் வினாவுக்கும் மூன்றாம் வினாவுக்கும் 'ஆம்' என்றும், இரண்டாம் வினாவுக்கு 'இல்லை' என்றும் விடை வருமானால் அந்த ஆட்டம் எந்நாட்டில் பிறந்ததாயினும் எடுத்தாளத்தக்கது. அவ்வாறு விடை வாராத ஆட்டம் வகுப்பை மகிழ்விக்கலாம்; மூன்றாம் மொழியின் வாயிலில் நிற்கும் குழந்தையை உள்ளே அழைக்காது.