இடையில் உள்ள பதினொரு வருஷம்

1885இல் சித்திலெவ்வை எழுதிய ‘அசன்பேயுடைய கதை’யை மறுபடி வாசித்தேன். மிஸ்றில் பிறந்து, களவாடப்பட்டு, பம்பாயில் வளர்ந்த பாஷா வீட்டுப் பிள்ளை கடைசியில் மிஸ்றுக்கே போய்ச் சேர்கிறான். நம்மவர் தமிழ் நாவல் மத்தியதரைக் கடல் நாடொன்றை அன்றே தொட்டுவிட்டது. விறுவிறுப்பான கதைதான். ஆனால் அது பிரபுக்களின் மிஸ்று.

இன்று ரம்புக்கனையிலிருந்து அந்தக் கடற்கரைக்குப் போவது நம் உம்மாமார். என் மாணவி ஒருத்தியின் உம்மா பெய்ரூட்டில் ஒரே வீட்டில் பதினொரு வருஷம் வேலை செய்தவர். “கடல் கிட்டத்தான் இருந்திச்சி சேர், ஒரு நாளும் கால் நனைக்கல்ல” என்றார். பாஸ்போட் எசமானியின் அலுமாரியில் இருந்ததாம்.

நம் சிறுகதைகளில் இவர் கட்டுநாயக்காவில் அழுதுகொண்டு போகிறார், பெட்டியோடு திரும்புகிறார். இடைப்பட்ட காலத்தை எழுத்தாளர் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார். எசமானியின் பிள்ளையைத் தூங்கவைக்கப் பழகிய அரபு இவருக்கு இன்னும் மறக்கவில்லை. அந்த அரபு கேட்கும் தமிழ்க் கதை ஒன்றும் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.