அழுகுணி ஆட்டமும் அந்தமான் சமாதானமும்

வட அந்தமானில் இரு குழுக்களின் பகை ஓயும்போது, சமாதானம் ஒரு நடனமாக நடந்தேறியது. ஆடுகளத்தில் கம்புகளை நட்டு, அவற்றின் உச்சிகளைப் பிரம்பால் இணைத்து, கிழித்த ஓலை நார்களை அதில் தொங்கவிடுவார்கள். ஒரு தரப்பின் ஆண்கள் பிரம்பில் முதுகு சாய்த்து, கைகளை அகல நீட்டி ஆயுதமின்றி நிற்பார்கள். மறுதரப்பினர் மிரட்டலாக ஆடிக்கொண்டே நெருங்கி, ஒவ்வொருவரையாகப் பிடித்துப் பலமாக உலுக்குவார்கள். நிற்பவர் முகத்தில் அச்சத்தின் சாயல்கூடத் தெரியக் கூடாது. பிறகு பெண்கள் வந்து உலுக்குவார்கள். எல்லாம் முடிந்தபின் இரு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து அழும். விற்களை மாற்றிக்கொள்ளும்.

இதைப் பதிவு செய்தவர் ஏ. ஆர். ராட்கிளிஃப்-பிரவுன். 1906 முதல் 1908 வரை அந்தமானில் களப்பணி செய்தார்; 'அந்தமான் தீவினர்' என்ற அவருடைய நூல் 1922இல் வந்தது. மானிடவியல் மாணவர்கள் அதைச் சடங்குகளுக்காகப் படிக்கிறார்கள். விளையாட்டை ஆராய்பவர்களிடம் அது கிரகரி பேட்சன் வழியாக வந்து சேர்ந்தது. சான்பிரான்சிஸ்கோ விலங்குக் காட்சிசாலையில் இரண்டு குரங்குகள் பொய்யாகச் சண்டையிடுவதைப் பார்த்த பேட்சன், விளையாட்டையும் கற்பனையையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்; அது 1955இல் வெளியானது. செல்லக் கடி கடிதான் என்றாலும் கடியின் பொருள் அதற்கில்லை. 'இது விளையாட்டு' என்ற அறிவிப்பு இருவரிடையேயும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர் கண்டது. அந்த அறிவிப்பு எவ்வளவு எளிதில் முறியும் என்பதற்கு அவர் எடுத்துக்காட்டியது அந்தமான் சமாதானத்தைத்தான். சடங்குக்கான அடியை நிஜ அடியாக ஒருவர் எடுத்துக்கொண்டுவிட்டால், சமாதானமே போராகிவிடும்.

வேடமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளைப் பற்றி எழுதப்பட்டவற்றில் சிறந்தவை இந்தப் புள்ளியிலிருந்து கிளைத்தவை. டிராகன்களும் மந்திரவாதிகளும் உலவும் அந்த மேசைகளில் கேலியும் விதிச் சண்டையும் ஓய்வதே இல்லை. ஆட்டத்தைக் கெடுக்கும் தொல்லைகள் என்று அவற்றை ஆடுபவர்களே சலித்துக்கொள்கிறார்கள். ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இதற்கு நேர்மாறானது. ஆடுகிறவர்கள் 'இது விளையாட்டு' என்பதை ஒருவருக்கொருவர் உறுதி செய்துகொள்வதே அந்தக் கேலியாலும் வாதத்தாலும்தான்.

இவ்வகை ஆட்டங்களுக்கு மூலமான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வெளியானது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கியது. மூன்று சிறு கையேடுகள், முதலில் ஆயிரம் பிரதிகள். ஒருவர் ஆட்டத்தை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாவார்கள், முடிவு தெரியாத இடங்களில் பகடை உருளும். அந்தக் கையேடுகளில் ஓட்டைகள் ஏராளம். விடுபட்டதை நீங்களே கற்பனை செய்து நிரப்பிக்கொள்ளுங்கள் என்று கைகாக்ஸ் முதலில் ஊக்கினார். ஐந்தாறு ஆண்டுகளில் அவரே, அதிகாரபூர்வ விதிகளிலிருந்து விலகினால் அது வேறு ஆட்டம் என்று கண்டிப்பாக எழுதும் நிலைக்கு வந்தார். 1975இல் லீ கோல்ட் தொடங்கிய 'அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்' போன்ற சிற்றிதழ்களில் அன்று நடந்த வாதங்களை ஜான் பீட்டர்சன் 'தி இல்யூசிவ் ஷிஃப்ட்' (2020) நூலில் தொகுத்து ஆராய்ந்திருக்கிறார். வாதிட்டு வாதிட்டுத்தான் தாங்கள் ஆடுவது என்ன வகை ஆட்டம் என்பதையே அவர்கள் கண்டுகொண்டார்கள் என்பது அந்நூலிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

களத்தில் இறங்கி ஆராய்ந்த முதல் சமூகவியலாளர் கேரி ஆலன் ஃபைன். 1970களின் பிற்பகுதியில் மினியாபொலிஸ் பகுதி ஆட்டக் குழுக்களோடு உட்கார்ந்து ஆடி, 1983இல் 'ஷேர்ட் ஃபேண்டசி' நூலை எழுதினார். பேட்சனின் சிந்தனையை எர்விங் காஃப்மன் 1974இல் விரித்து எழுதிய சட்டகக் கோட்பாடே ஃபைனுக்குக் கருவி: ஒரு செயலின் பொருளை அது நடக்கும் சட்டகமே தீர்மானிக்கிறது. மேசையில் உட்கார்ந்திருப்பவர் ஒரே நேரத்தில் மூன்று பேர்: வீட்டுக்கவலை உள்ள மனிதர், விதி தெரிந்த ஆட்டக்காரர், கதைக்குள் வாள் ஏந்தி நிற்கும் பாத்திரம். வேதியியல் படிக்கும் ஆட்டக்காரர் தன் வீரனை வெடியுப்புத் தேடச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'உனக்குத் தெரியும், உன் வீரனுக்கு எப்படித் தெரியும்?' என்று கேள்வி எழும். ஒரு நகைச்சுவையும் ஒரு விதி வழக்கும் அந்த ஒரே கேள்வியில் பிறக்கின்றன.

இந்த வகையில் மிகப் புகழ்பெற்ற வழக்கு 'குடியானவர் பீரங்கி'. பிற்காலப் பதிப்புகளின் விதிப்படி சண்டையின் ஒரு சுற்று 6 விநாடி. பக்கத்தில் நிற்பவரிடமிருந்து ஒரு பொருளை வாங்கி அடுத்தவரிடம் கொடுக்க யாரும் முன்கூட்டியே ஆயத்தமாக நிற்கலாம். அப்படியானால் 5 அடிக்கு ஒருவராக 2,000 குடியானவர்களை வரிசையில் நிறுத்தி, முதல் ஆளிடம் ஒரு கழியைக் கொடுத்தால்? விதிப்படி அது 6 விநாடிக்குள் கடைசி ஆளை அடைந்துவிடும். 10,000 அடி, அதாவது சுமார் மூன்று கிலோமீட்டர், ஒலியைவிட வேகம். கடைசி ஆள் அதை எதிரி மேல் வீசினால் கோட்டையே தூளாகாதா?

பதில் வாதமும் அதே அளவு அழகானது. விதியை நம்பினால் வீசிய கழிக்கு விதி தருவது அற்பமான சேதம். வேகத்தைப் பற்றி விதி எதுவும் சொல்லவில்லை. இயற்பியலை நம்பினால் 2,000 பேர் 6 விநாடியில் கைமாற்றவே முடியாது. பாதி வழிக்கு விதி, மீதி வழிக்கு இயற்பியல் என்று கேட்பது நம்மூர்க் கணக்கில் அழுகுணி ஆட்டம். இதைக் கேட்பவருக்கும் இது செல்லாது என்று தெரியும். ஆனாலும் முழு வாதத்தையும் நிறுத்தி நிதானமாக எடுத்து வைப்பார். 2024இல் வந்த நடத்துநர் கையேடு இந்த வேடிக்கையைப் பெயர் சொல்லாமலே எடுத்துக்காட்டி, விளையாட்டின் விதிகள் இயற்பியல் விதிகள் அல்ல என்று அறிவுறுத்துகிறது. பல ஆண்டு மேசைச் சிரிப்பு ஒன்று விதிநூலுக்குள்ளேயே நுழைந்துவிட்டது.

கேலியின் பக்கத்துக்கும் ராட்கிளிஃப்-பிரவுனிடமே போக வேண்டியிருக்கிறது. 1940இல் அவர் எழுதிய 'கேலி உறவுகள்' கட்டுரை ஆப்பிரிக்கா உள்ளிட்ட பல பகுதிகளின் சமூகங்களை வைத்துப் பேசுகிறது. இருவர் ஒருவரையொருவர் சீண்ட உரிமை பெற்றிருக்கிறார்கள், சில இடங்களில் சீண்டியே ஆக வேண்டும், சீண்டப்பட்டவர் கோபிக்கக் கூடாது. ஒட்டவும் வேண்டும், விலகியும் நிற்க வேண்டும் என்ற உறவுகளில் இந்த விதி முளைக்கிறது என்றார். அதன் மறுமுனையை அவர் அந்தமானில் ஏற்கெனவே கண்டிருந்தார்: அங்கே மணமக்களின் பெற்றோர் ஒருவரோடொருவர் நேரில் பேசக் கூசி, பரிசுகளை மட்டும் அனுப்பிக்கொண்டனர். விலகலும் கேலியும் ஒரே சிக்கலுக்கு இரண்டு தீர்வுகள்.

மாமன் மச்சான் கேலியில் வளர்ந்த நமக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. மச்சானைக் கிண்டல் செய்யாதிருப்பதுதான் நம் வீடுகளில் மரியாதைக் குறைவு. நலங்கில் மணமக்கள் தேங்காய் உருட்டுவார்கள், அப்பளம் நொறுக்குவார்கள். சுற்றி நிற்கும் பெண்கள் சம்பந்தி வீட்டைப் பாட்டாலேயே வாருவார்கள். யார் ஜெயித்தது என்பதில் இரு வீட்டாருக்கும் கட்டாயம் தகராறு வரும். புதிதாக உறவாகிற இரண்டு வீடுகள், நிஜச் சண்டைக்கு முன்னால் பொய்ச் சண்டை போட்டுப் பழகிக்கொள்கின்றன.

குழந்தைகளிடம் விதிப் பேச்சை முதலில் முறையாகக் கவனித்தவர் ழான் பியாஜே. 1932இல் வந்த அவர் நூலில் ஒரு காட்சி உண்டு: பத்துப் பதினொரு வயதுப் பையன்கள் எட்டுப் பேர் பனியுருண்டை எறிந்து விளையாடக் கிளம்பி, தலைவரைத் தேர்வது, அணி பிரிப்பது, தூரம் குறிப்பது, தண்டனை வகுப்பது என்று கால் மணி நேரத்தைக் கடத்துகிறார்கள். அது வீணான நேரமல்ல, அவர்கள் விரும்பி ஆடிய பகுதியே அதுதான் என்று பியாஜே கண்டார். ஜேனட் லீவர் 1976இல், பையன்கள் ஓயாமல் விதிச் சண்டை போட்டாலும் ஒருமுறைகூட அதனால் ஆட்டம் நிற்கவில்லை என்றும், சிறுமிகள் சண்டை வந்தால் ஆட்டத்தையே விட்டுவிடுகிறார்கள் என்றும் எழுதினார். லிண்டா ஹ்யூஸ் 1983இல் சிறுமிகளின் பந்தாட்டத்தைக் கூர்ந்து பார்த்து, அவர்கள் விதியை வேறு நயத்தில், தோழமையின் பெயரால், இடைவிடாமல் பேரம் பேசுவதைக் காட்டினார். ஹ்யூஸின் பக்கமே எனக்கு நியாயமாகப் படுகிறது. பல்லாங்குழியில் பாட்டியும் பேத்தியும் முத்துக்கு நடத்தும் வழக்கைக் கேட்டவர்கள் லீவரின் முடிவை ஏற்க மாட்டார்கள்.

தேவநேயப் பாவாணரின் 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' தொடங்கி நம் தொகுப்புகள் விதிகளை அருமையாகக் காத்துத் தந்திருக்கின்றன. தெருவில் விளையாடியவர்களுக்கு அவற்றின் விளிம்பில் உள்ளவையும் தெரியும். உத்தி பிரிக்கும்போது இருவர் ஒதுங்கிப் போய்க் கற்பனைப் பெயர் சூட்டிக்கொண்டு வந்து 'எது வேண்டும்?' என்று கேட்பது வேடமேற்பின் தொடக்கம். சின்னப் பிள்ளையை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வதோ இன்னும் நுட்பமானது: அவன் ஆட்டத்தில் இருக்கிறான், ஆனால் அவுட் ஆக மாட்டான். விதியின் எல்லையை எல்லோரும் ஒப்புக்கொண்டு அன்பால் தளர்த்தும் இந்த ஏற்பாட்டுக்கு இணையான ஒன்றை நான் படித்த மேலைநாட்டு விளையாட்டு ஆய்வுகளில் காணவில்லை.

விளையாட்டு ஆய்வின் மூலநூல் என்று கருதப்படும் 'ஹோமோ லூடன்ஸ்' (1938) எழுதிய ஹொய்சிங்கா, சமஸ்கிருதம் கற்றவர். 1897இல் அவர் பெற்ற முனைவர் பட்டம் இந்திய நாடகத்தின் விதூஷகனைப் பற்றியது. கோமாளியில் தொடங்கியவர், நாற்பது ஆண்டுகள் கழித்து மகாபாரதச் சூதாட்டத்துக்கும் வந்தார். அந்தச் சபையில் நடந்தது வெறும் சூது மட்டுமல்ல, ஒரு விதி வழக்கும்கூட. தன்னை முதலில் தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை உண்டா என்று திரௌபதி கேட்கிறாள். விகர்ணன் அவள் பக்கம் பேசுகிறான். பீஷ்மர் தர்மம் நுட்பமானது என்று நழுவுகிறார். சிரிப்பு அங்கேயும் இருந்தது. ஆனால் அது ஒரு தரப்பின் சிரிப்பு; மறுதரப்புக்குத் திருப்பிச் சீண்டும் உரிமை இல்லை. கேள்விக்குத் தீர்ப்பு வராத அந்த இடத்தில்தான் ஆட்டம் நிஜ வன்முறையாகிறது. பேட்சன் அஞ்சிய முறிவு இதுவே.

கந்தபுராணத்துச் சொக்கட்டானில் நடுவரே பிழை செய்கிறார். பார்வதி வென்றிருக்க, சிவன் வென்றதாகச் சாட்சி சொன்ன திருமால் பாம்பாகும்படி சாபம் பெறுகிறார். டான் ஹேண்டல்மனும் டேவிட் ஷுல்மனும் 1997இல் சிவனின் சூதாட்டத்தைப் பற்றி எழுதிய நூலில், கடவுளின் இருப்பே இந்த ஆட்டத்தில் கலைந்து மாறுவதை விரிவாக ஆராய்கிறார்கள்.

ஆட்டம் நிஜமாகிவிடும் ஆபத்தை நம் கூத்துக் கலைஞர்கள் நூல்கள் எழுதப்படும் முன்பே அறிந்திருந்தார்கள். பாரதக் கூத்தில் துகில் உரியும் இடம் வரும்போது, துச்சாதனன் வேடம் கட்டியவர் திரௌபதியைத் தொடுமுன் ஆட்டத்தை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி மன்னிப்புக் கேட்பதுண்டு. கட்டியக்காரன் இடையிடையே ஊர்க்கதையை இழுத்துச் சிரிக்க வைப்பதும் இதே வேலையைச் செய்கிறது. 2013இல் ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் மேசை விளையாட்டுகளுக்கு 'எக்ஸ் கார்டு' என்ற ஏற்பாட்டை முன்வைத்தார்: காட்சி எல்லை மீறுவதாக யாருக்குத் தோன்றினாலும் அட்டையைத் தொடலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, காட்சி மாறும். இது ஆட்டத்தைக் கெடுக்கும் என்று வாதிடுபவர்களுக்கு அந்தக் கற்பூரத்தைக் காட்டுவேன். கற்பூரத்தால் துகில் காட்சியின் உக்கிரம் குறைந்ததில்லை.

மறுபடி அந்தமானுக்கு வருகிறேன். 1880களில் ஈ. எச். மேன் அத்தீவினரின் விளையாட்டுகளைப் பட்டியலிட்டார். பொய்ப் பன்றி வேட்டை, பொய் ஆமை பிடிப்பு, பேய் வேட்டை எல்லாம் அதில் உண்டு. ஒருவன் ஆமையாகவும் மற்றவர்கள் வேட்டைக்காரர்களாகவும் ஆனபோது, 'நீ பிடிபட்டாய்', 'இல்லை, பிடிபடவில்லை' என்ற சண்டை வராமல் இருந்திருக்காது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. குடியேற்ற ஆட்சி கொண்டுவந்த நோய்களால் பெரிய அந்தமானியர் 1901 கணக்கெடுப்பில் 625 பேராகச் சுருங்கியிருந்தார்கள். இன்று சில பத்துப் பேர். அவர்கள் சமாதானச் சடங்கை மேற்கோள் காட்டும் நூல்கள் பெருகின, அவர்கள் பிள்ளைகளின் கேலி நமக்குக் கிடைக்கவில்லை. இந்தத் துறையின் ஆகப் பெரிய இழப்பு என்று இதைத்தான் கருதுகிறேன்.

அதே தீவுகளில் இன்று தமிழ், வங்காளம், மலையாளம், தெலுங்கு பேசும் குடும்பங்களின் பிள்ளைகளும், ராஞ்சியிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும், கரேன்களும் நிக்கோபாரிகளும் பெரும்பாலும் இந்தியைப் பொதுமொழியாகக் கொண்டு ஒன்றாக வளர்கிறார்கள். பக்கத்து நிக்கோபார்த் தீவுகளில் ஒன்றான கச்சாலில் இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களும் உண்டு. வெவ்வேறு ஊர் விதிகளோடு வந்த பிள்ளைகள் ஒரே திடலில் ஆடும் இடம் ஆய்வுக்கு அருமையான களம். அங்கே போகிறவர்கள் கில்லி எத்தனை அடி பறந்தால் எத்தனை புள்ளி என்று கேட்டுக் குறித்துக்கொண்டு திரும்பிவிடக் கூடாது. கோட்டின் மேல் விழுந்த குச்சிக்காக யார் எந்த மொழியில் 'செல்லாது' என்றார், யார் முதலில் சிரித்தார், எந்த விட்டுக்கொடுப்பில் ஆட்டம் மறுபடி தொடங்கியது என்பதையெல்லாம் நடந்த வரிசையிலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.