தன் தாளத்துக்கு மட்டும் ஆடும் ஜெல்

தூண்டினால் மாறும் பொருள் என்று கேட்டதுமே நம் கண் அசைவைத் தேடுகிறது. சுருங்கியதா, உப்பியதா, வளைந்ததா என்று பார்த்து, ஆச்சரியப்பட்டு, நகர்ந்துவிடுகிறோம். டி.என்.ஏ.வைச் செயற்கைப் பாலிமரோடு கோத்துச் செய்யும் ஜெல்களை அப்படிப் பார்த்தால் பாதிதான் பிடிபடும். எதற்கு அசைகிறது என்பதைவிட, எதற்கெல்லாம் அசைய மறுக்கிறது என்பதில்தான் அவற்றின் நேர்த்தி இருக்கிறது. அந்த மறுப்பைக் கவனிக்கக் கண்ணைப் பழக்குவதே ரசனையின் முதல் பாடம். அதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. தர்மபுரி மாவட்டத்து மாரண்டஹள்ளிக் கடைவீதியில் வாங்கக்கூடிய நாலைந்து சாமான்கள் போதும்.

முதலில் பாலிமர். மெடிக்கல் ஷாப்பில் ஒரு குழந்தை டயாப்பர் வாங்கிப் பிரித்து, பஞ்சுக்கு நடுவே இருக்கும் வெள்ளைத் தூளை மூக்கில் ஏறாதபடி டம்ளரில் உதிர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றியதும் அது உப்பிக் கெட்டியாகும். டம்ளரைக் கவிழ்த்தாலும் சட்டென்று விழாது. அதன்மேல் ஒரு ஸ்பூன் உப்பைத் தூவுங்கள். கொஞ்ச நேரத்தில் ஜெல் தளர்ந்து, குடித்த தண்ணீரைக் கக்கத் தொடங்கும். அந்தத் தூள் சோடியம் பாலிஅக்ரிலேட். அதன் நீண்ட சங்கிலிகள் ஆங்காங்கே ஒன்றோடொன்று முடிச்சிடப்பட்டிருக்கின்றன. வலைக்குள் இருக்கும் சோடியம் அயனிகள் தண்ணீரை உள்ளே இழுக்கின்றன. வெளியே உப்பு கூடினால் அந்த இழுப்பு குறைந்துவிடுகிறது. 1978இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டொயோஇச்சி தனாகா, வெப்பத்தையோ கரைப்பானையோ சிறிதே மாற்றினால் பாலிஅக்ரிலமைடு ஜெல் திடீரெனப் பெருமளவு சுருங்கும் என்று காட்டினார். டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் மானாவாரி நிலங்களுக்காக உருவாக்கிய பூசா ஹைட்ரோஜெல்லும் தண்ணீரை உறிஞ்சி வைத்திருந்து, மண் காயும்போது விடுகிற இனம்தான். இவையெல்லாம் நல்ல உழைப்பாளிகள். ஆனால் டயாப்பர் ஜெல், வந்தது சமையல் உப்பா, பொட்டாஷ் உரமா, போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மையா என்று விசாரிப்பதில்லை. எந்த உப்பு வந்தாலும் சுருங்கிவிடும்.

அடுத்தது டி.என்.ஏ. பாலக்கோடு, மாரண்டஹள்ளிப் பக்கம் தக்காளிக்குப் பஞ்சமில்லை. நன்றாகப் பழுத்த ஒன்றை மசித்து, உப்பும் பாத்திரம் கழுவும் சோப்பும் கலந்த தண்ணீரில் மெதுவாகக் கலக்கி, துணியில் வடிகட்டுங்கள். சில்லென்ற சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை, அடுப்பு பக்கத்தில் இல்லாத இடத்தில், டம்ளரின் ஓரமாக வழியவிடுங்கள். இரண்டு திரவங்களும் சந்திக்கும் இடத்தில் வெள்ளையாக, கோழைபோல ஏதோ திரண்டு மேலே வரும். அதில் பெக்டினும் புரதமும் கலந்திருக்கும், சுத்தமான டி.என்.ஏ. என்று சொல்ல முடியாது. ஆனாலும் குச்சியில் சுற்றினால் இழையிழையாக வருகிறதே, அதைக் கவனியுங்கள். டி.என்.ஏ.வும் ஒரு நீண்ட சங்கிலிதான், அதுவும் ஒரு பாலிமர்தான். தக்காளியின் 12 குரோமோசோம்களில் சுமார் 90 கோடி எழுத்துகள் இருக்கின்றன. 2012இல் வெளியான அந்த மரபுவரிசையில் ஐந்தாம் குரோமோசோமைப் படித்தவர்கள் இந்திய விஞ்ஞானிகள். எழுத்துகள் நான்கே: ஏ, டி, ஜி, சி. ஏ டியோடும், ஜி சியோடும் சேரும். 20 எழுத்து நீளமுள்ள ஓர் இழையை மட்டும் எடுத்துக்கொண்டால் சுமார் 1.1 லட்சம் கோடி விதமாக எழுதலாம். அவற்றில் முழுமையாகப் பொருந்தும் துணை ஒன்றே ஒன்றுதான். டயாப்பர் தூளிடம் இல்லாத விசாரணை இங்கேதான் வருகிறது.

இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும் என்பதை ஜப்பானில் நாகஹாராவும் மட்சுடாவும் 1996இலேயே காட்டினார்கள். அக்ரிலமைடு வகைச் சங்கிலிகளில் குட்டி டி.என்.ஏ. இழைகளைத் தொங்கவிட்டு, அவை ஜோடி சேரும்போது ஜெல் உருவாகும்படி செய்தார்கள். உடம்பு பாலிமருடையது, முடிச்சு டி.என்.ஏ.வுடையது. இந்த வேலைப்பிரிவினை முழு அழகோடு வெளிப்பட்டது 2017இல், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரெபெக்கா ஷூல்மன், டேவிட் கிரேசியஸ் குழுவினர் செய்த வேலையில். அவர்கள் தன்மேலேயே மடிந்து கொண்டை ஊசிபோல நிற்கும் டி.என்.ஏ. இழைகளை ஜெல்லைச் சுற்றியுள்ள கரைசலில் விட்டார்கள். வரிசை பொருந்தினால் ஊசி விரிந்து முடிச்சுக்குள் நுழையும். நுழைந்த இடத்தில் அடுத்த ஊசிக்கு வழி திறக்கும். முடிச்சு நீள நீள வலை தளர்ந்து தண்ணீர் உள்ளே வரும். ஜெல்லின் கனஅளவு 100 மடங்கு வரை பெருகியது. எவ்வளவு பெருக வேண்டும் என்பதைக்கூட, வழியை அடைத்துவிடும் வேறுவகை ஊசிகளைச் சிறிது கலந்து கட்டுப்படுத்தினார்கள். அந்த ஜெல்லால் செய்த குட்டி நண்டு ஒன்றில் கால்கள் ஒரு வரிசைக்கும், கொடுக்குகள் இன்னொன்றுக்கும், உணர்கொம்புகள் மற்றொன்றுக்கும் வளைந்தன. கொடுக்கு வளையும்போது பெரும்பாலான கண்கள் கொடுக்கிலேயே நிற்கும். அந்த நேரத்தில் கால்களைப் பாருங்கள். அதே தண்ணீரில், அதே ஊசிகள் சூழ, அவை சும்மா இருக்கின்றன.

பட்டுப்புழு இதை எப்போதோ செய்துவிட்டதே என்று தர்மபுரி மாவட்டத்துப் பட்டு விவசாயி கேட்கலாம். நியாயமான கேள்விதான். கிளைசினும் அலனினும் திரும்பத் திரும்ப வரும் ஃபைப்ராயின் என்ற பாலிமரைப் புழு நூற்பது டி.என்.ஏ.வின் உத்தரவுப்படிதான். ஆனால் உத்தரவு செல்லுக்குள் முடிந்துவிடுகிறது. கூடு கட்டியான பிறகு அந்த நூல் மரபணுவின் பேச்சைக் கேட்பதில்லை. இந்த ஜெல்லில் டி.என்.ஏ. உத்தரவிடும் இடத்தை விட்டு இறங்கி, பொருளின் முடிச்சாகவே உட்கார்ந்திருக்கிறது. பொருள் உருவான பிறகும் அதோடு பேச முடிகிறது.

இன்னும் கடுமையான ஆட்சேபங்களும் உண்டு. செயற்கையாகச் செய்யும் டி.என்.ஏ. விலை அதிகம், அசைவுக்கு மணிக்கணக்கில் ஆகிறது, ரத்தத்தில் இருக்கும் நொதிகள் டி.என்.ஏ.வை நறுக்கிவிடும். மூன்றும் உண்மை. விலைக்குப் பதில் அந்த வேலைப்பிரிவினையிலேயே இருக்கிறது: பருமன் முழுவதையும் மலிவான பாலிமர் சுமக்க, டி.என்.ஏ. முடிச்சுகளில் மட்டும் இருந்தால் போதும். நறுக்கப்படும் பலவீனத்தை 2019இல் எம்.ஐ.டி.யின் ஜேம்ஸ் காலின்ஸ் குழு பலமாகவே மாற்றியது. தேடும் மரபுவரிசையைக் கண்டால் மட்டும் விழித்து வெட்டும் கிரிஸ்பர் நொதியை அவர்கள் ஜெல்லோடு சேர்த்தார்கள். வரிசை வந்தால் முடிச்சு அறும், உள்ளிருப்பது வெளியேறும். வராதவரை ஜெல் காத்துக்கொண்டிருக்கும். மெதுவாக நடப்பது என்ற குறைக்கு மட்டும் இன்னும் முழுப் பதில் இல்லை.

உண்மையான உயிருக்குள் இந்த விசாரணை நடக்குமா என்ற சந்தேகத்துக்குப் பதில் அடுத்த மாநிலத்திலேயே இருக்கிறது. மாரண்டஹள்ளி வழியாகப் போகும் ரயில்பாதை பெங்களூருவுக்குச் செல்கிறது. அங்குள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில், சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் படித்த யமுனா கிருஷ்ணனின் குழு 2009இல் டி.என்.ஏ.வாலேயே ஒரு கருவி செய்தது. சி எழுத்துகள் நிறைந்த அதன் இழை, அமிலம் கூடினால் மடியும், குறைந்தால் விரியும். உயிருள்ள செல்லுக்குள் அமிலத்தன்மையை அதைக்கொண்டு அளந்தார்கள். அதில் பாலிமர் இல்லை. ஆனால் அதே மாதிரி இழையை ஜெருசலேமில் இட்டமார் வில்னர் குழு அக்ரிலமைடு ஜெல்லின் முடிச்சாக்கி, பழைய வடிவத்தை நினைவில் வைத்துத் திரும்பும் ஜெல்களைச் செய்தது.

ஆகவே அடுத்த முறை இப்படிப்பட்ட பொருளைப் பற்றிப் படிக்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். எதற்கு அசைந்தது? ஏறக்குறைய அதேபோன்ற எதற்கு அசையவில்லை? பழைய நிலைக்குத் திரும்பியதா? முதல் கேள்விக்கு மட்டும் பதில் இருந்தால் டயாப்பர் தூளைத் தாண்டி அது வெகுதூரம் போகவில்லை என்று கொள்ளலாம். இரண்டாவதற்கும் பதில் சொல்லும் கட்டுரையை நிதானமாகப் படியுங்கள். மூன்றுக்கும் சொன்னால், அந்தப் பொருளைச் செய்தவர்களின் கைத்திறனைத் தாராளமாகப் பாராட்டலாம்.